தீவாந்தரஞ் சென்றோரும் சிங்கப்பூர்ச் சிறைக் கணக்கும்

சென்ற ஆனித் திங்களில் நம் சங்கத்து முதியவரொருவர் எம் இல்லம் போந்து, மடித்த தாளொன்றை எம் கையிற் கொடுத்தனர். அவர் குடும்பத்து முன்னோரொருவர் சிங்கப்பூர் சென்று வாணிகம் நடத்தினார் என்பது அவ்வீட்டில் வழிவழியாக வழங்கும் செய்தி. நம் சங்கம் தொகுத்துவரும் குடிவரலாற்றில் அப்பெரியாரை வணிகர் வரிசையிற் சேர்த்தல் வேண்டுமென்று முன்னரே எமக்கு எழுதியுமிருந்தார். அவர்தம் பேரர் பழைய ஆவணங்களைத் துருவிப் பெற்ற படியோ வேறு கூறிற்று. பெயர், தந்தை பெயர், சாதி, வயது, உயரம், உடலடையாளம், குற்றம், தண்டனை என இவையே அதிற் கண்டவை. வாணிகம் என்னுஞ் சொல் அதில் யாண்டும் இல்லை. "வாத்தியாரையா, இதை எப்படி எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்டுத் தலைகுனிந்து இருந்தார். அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

1819-இல் ஆங்கிலக் கும்பினியார் சிங்கப்பூரிற் கால்கொண்டனர். காடழித்துச் சாலையிடவும், சதுப்பு நிலந் தூர்க்கவும், பாலமமைக்கவும் அங்கு ஆட்கள் வேண்டியிருந்தனர். அக்காலத்துச் சுமத்திராத் தீவின் பென்கூலனில் இந்தியக் கைதிகள் பலர் கும்பினியின் வேலை செய்துவந்தனர். 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பென்கூலன் ஒல்லாந்தர் கைக்கு மாறவே, அக்கைதிகளைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தனர். 1825 ஏப்பிரல் 18-இல் ஹொரேஷியோ என்னும் மரக்கலத்தில் வந்திறங்கிய முதற் கூட்டத்தார் எண்பதின்மர். அவர் அனைவரும் நம் சென்னை மாகாணத்திலிருந்து தண்டிக்கப்பெற்றவர். ஒரு கிழமை கழித்து வங்காளத்தவர் 122 பேர் வந்தனர். அதன் பின்னர்ப் பல்லாண்டுக் காலம் சென்னை, வங்காளம், பம்பாய் என்னும் மூன்று மாகாணத்தாரும் அத்துறைமுகத்திற்கு ஆட்களை அனுப்பிவந்தனர். இதனையே நம் நாட்டார் தீவாந்தர சிட்சை என்றனர். ஈண்டு அன்பர்கள் ஒன்று கருதுதல் வேண்டும். அச்சிறையில் ஆட்டொகை ஏறியது சிங்கப்பூரிற் குற்றம் மிகுந்தமையால் அன்று. கடலுக்கு இப்பால் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பால் ஒரு நகரத்திற்குக் கூலியில்லா வேலையாட்கள் வேண்டியிருந்தனர். இவ்விரண்டுங் கூடியே தொகையைப் பெருக்கின.

இனி, குற்றம் என்று ஏட்டிற் பதியப்பெற்றது யாது? கொலையுண்டு, கொள்ளையுண்டு, வழிப்பறியுமுண்டு. அவற்றை இல்லையென்று மறைப்பது எம் கருத்தன்று. கொடியோர் பலர் அங்குச் சென்றனர். ஆயினும் அவ்வொரு பட்டியலிலேயே வேறு பலவும் கலந்து கிடக்கின்றன. 1836-இல் தக்கர்களை ஒழிக்க இயற்றிய சட்டம், ஒருவன் இன்ன கொலையைச் செய்தான் என்று மெய்ப்பித்தலை வேண்டவில்லை. தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பது துணியப்படினே அவனுக்கு ஆயுட்காவல் விதிக்கலாம். பஞ்சாபில் ஆங்கிலராட்சியை எதிர்த்த பாய் மகராஜ் சிங் 1850-இற் சிங்கப்பூருக்குக் கொணரப்பெற்று, தனிச்சிறையிற் கண்ணொளி மங்கி, 1856-இல் ஆண்டே மாண்டார். இன்று சீக்கியர் அவரை வணங்குகின்றனர். அன்றைய அரசினர்க்கு அவர் ஒரு கைதியே. நம் பாளையக்காரர் போரில் தோற்றோரும் 1802-இல் தூத்துக்குடியிற் கப்பலேற்றப்பெற்றுப் பினாங்குக்குக் கடத்தப்பட்டமை அன்பர்கள் அறிந்ததே.

சிங்கப்பூர் நகரத்துள்ளே எழுந்த வழக்குகளும் இத்தகையனவே. சூதாட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1823-இல் இராபிள்ஸ் துரை அதனைக் குற்றமென்று விலக்கினார். அவர் சென்றதும் கிராபர்ட் துரை சூதாட்ட விடுதிகளுக்குக் குத்தகை விட்டு அரசுக்கு வருவாயாக்கினார். 1829-இல் அது மீண்டும் குற்றமாயிற்று. ஆடினவன் ஒருவனே; காயும் ஒன்றே. கணக்குப் புத்தகத்திற் பக்கம் மட்டுமே மாறியது! துறைமுகமாதலின், கப்பலில் வேலைசெய்ய மறுத்த மாலுமியும் சிறை சென்றான். கடன் தீர்க்கமாட்டாதவனும் சென்றான்.

கைதிகளின் வாழ்வு எவ்வாறிருந்தது என்பதைச் சிறிது விரித்துரைப்போம். ஆயுள் தண்டனை பெற்ற வங்காளக் கைதிகளின் நெற்றியிலே குற்றத்தின் பெயரைப் பச்சை குத்தும் வழக்கம் 1849-இற் சட்டத்தால் ஒழியும்வரை இருந்தது. தலைப்பாகையைத் தாழக்கட்டி அவ்வெழுத்தை மறைத்தோருமுளர். பட்டர்வொர்த் ஆளுநர் காலத்து விதிகளின்படி கைதிகள் ஆறு வகுப்பினராயினர். புதிதாய் வந்தவன் விலங்கோடு நான்காம் வகுப்பில் தொடங்குவான். நன்னடையால் மூன்றாம் வகுப்பேறிச் சாலை வேலையும் கட்டட வேலையும் செய்வான். இரண்டாம் வகுப்பினர் தம்மோடொத்த கைதிகட்கே காவலராவர். முதல் வகுப்பினர் சீட்டுப் பெற்று ஊருள் வாழ்ந்து தம் தொழில் செய்யலாம். தவறினோர் ஐந்தாம் வகுப்பிற்கிறங்கிக் கனத்த விலங்கு பூணுவர். முதியோரும் நோயாளரும் ஆறாவது. வெள்ளைக்காரக் காவலர் மிகச் சிலரே. அச்சிறையை நடத்திய மக்நேர் என்னும் படைத்தலைவர் பின்னர் 1899-இல் ஒரு நூல் வெளியிட்டார். கைதிகளே தங்கட்குக் காவலர் என்பதே அந்நூற்பெயரின் பொருள். கொலைஞர் என்று கடல் கடத்தப்பெற்றோரை நம்பியே சிறைக்கதவம் காக்கப்பட்டது என்னும் இவ்வொரு செய்தி, பதிவேட்டிலுள்ள குற்றச்சொல் ஒரு மனிதனை முழுதும் அளக்கவில்லை என்பதற்குப் போதிய சான்றாகும்.

அவர்தம் கைவேலையைக் காணவிரும்புவோர் இன்றுங் காணலாம். தூய அந்திரேயர் பேராலயம் 1856-இல் அடிக்கல் நாட்டப்பெற்று இக்கைதிகளால் எழுந்தது. அதன் உட்சுவர்கள் நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்போல் மின்னும். முட்டை வெண்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர் இவற்றைச் சிப்பிச் சுண்ணாம்போடு அரைத்துப் பூசி, உலர்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகிட்டனர். அங்கு அதனைச் சென்னைச் சுண்ணம் என்றே வழங்கினர். அச்சாந்தின் பக்குவம் அறிந்த கைகள் எந்நாட்டுக் கைகள் என்று யாம் சொல்லவேண்டுவதில்லை.

முதலில் இவ்வுழைப்பை விரும்பியேற்ற ஐரோப்பிய வணிகர், ஊர் செழித்தபின், குப்பை கொட்டுமிடமோ எம்மூர் என்று முறையிடலாயினர். 1857-இன் கிளர்ச்சி அவரச்சத்தைப் பெருக்கிற்று. 1858 முதல் அந்தமான் திறந்தது. 1867-இற் சிங்கப்பூர் இந்திய அரசினின்று பிரிந்தது. 1873-இற் கைதிகளின் நிலையம் கலைக்கப்பெற்றது. சிலரை அந்தமானுக்கு அனுப்பினர். விடுதலை பெற்றோர் பலர் அங்கேயே குடிகளாகத் தங்கினர்.

இதற்கிடையே நம் நாட்டில் 1871-இற் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது. 1836-இன் சட்டம் கூட்டத்திற் சேர்ந்தவனைத் தண்டித்தது. இதுவோ தாய்வயிற்றிற் பிறந்ததையே பதிவேட்டிலேற்றிற்று. 1911-இற் சென்னை மாகாணத்திற்கும் வந்து, 1947-இல் இங்கு ஒழிந்தது. சாதிக்கொரு கட்டமும் குற்றத்திற்கொரு கட்டமும் பக்கத்திற் பக்கத்தே வரைந்த கை எதுவோ, அதே கைதான் பின்னர் இரண்டிற்கும் இடையிலிருந்த கோட்டை அழித்தது என்பது எம் எண்ணம். சாதிச்சங்கத்தார் ஆகிய நாம் இதனை மறத்தற்கில்லை. நம் குடிவரலாற்றிலும் நாம் கட்டம் வரைந்துகொண்டுதானே இருக்கின்றோம்! வணிகர், நிலக்கிழார், உத்தியோகத்தர் என்று மூன்று தலைப்பிட்டோம். நான்காவது தலைப்பை எவரும் கேட்கவில்லை.

முதியவர்க்கு யாம் கூறிய விடை இது: "வணிகர் என்று எழுதமாட்டோம். பெயர், தந்தை பெயர், கப்பலேறிய ஆண்டு மூன்றையும் எழுதி, சிங்கப்பூரிற் சாலையும் கட்டடமும் அமைத்தவருள் ஒருவர் என்று எழுதுவோம். குற்றச்சொல்லையும் மறையோம், அதை எழுதினவர் கும்பினியார் என்பதையும் சேர்த்தே எழுதுவோம்." அவர் நெடும்பொழுது பேசாதிருந்து, வீட்டாரைக் கலந்து சொல்வதாகக் கூறித் தாளை மடித்து எடுத்துச் சென்றனர். இவ்விதழ் அச்சேறும்வரை அவரிடமிருந்து மறுமொழி வரவில்லை. இத்தகைய தாள் வேறெவர் வீட்டுப் பெட்டியிலேனும் இருப்பின் எமக்குத் தெரிவிக்க வேண்டுகின்றோம்.