149 டொலர் சில்லும் 669 டொலர் வேகமும்

1998 ஓகஸ்ட் 24ஆம் திகதி அமெரிக்காவின் இன்ரெல் நிறுவனம் இரண்டு வகைப் புரொசெசர்களை ஒரே நாளில் சந்தைக்கு அனுப்பியது. ஒன்று 450 மெகாஹேர்ட்ஸ் வேகமுள்ள பென்ரியம் 2. ஆயிரம் சில்லுகளை மொத்தமாக வாங்குவோருக்கு ஒன்றின் விலை 669 டொலர். மற்றையது செலரோன் 300ஏ. வேகம் 300 மெகாஹேர்ட்ஸ், விலை 149 டொலர். முன்னையது வசதியுள்ளவர்களுக்கு, பின்னையது வசதியற்றவர்களுக்கு என்பதே நிறுவனத்தின் கணக்கு. அந்தக் கணக்கு சில வாரங்கள்கூட நிலைக்கவில்லை. 149 டொலர் சில்லை 669 டொலர் சில்லின் வேகத்தில் ஓட வைக்கலாம் என்பதை உலகின் பல மூலைகளிலுமிருந்த இளைஞர்கள் கண்டுகொண்டனர். அதற்கு ஆய்வுகூடம் எதுவும் தேவைப்படவில்லை. தாய்ப்பலகையில் ஓர் இலக்கத்தை மாற்றுவதும், நல்லதொரு விசிறியும் போதுமாக இருந்தன.

ஒரு சில்லை அதன்மேல் பொறிக்கப்பட்ட வேகத்துக்கு அப்பால் ஓட வைப்பதை ஓவர்குளொக்கிங் என்பார்கள். இது 1998இல் பிறந்த பழக்கமன்று. 1984இல் வெளிவந்த ஐ.பி.எம். பீ.சி. ஏ.ரி. கணினி 6 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அதன் துடிப்பைத் தீர்மானித்த பளிங்கைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகி, 8 மெகாஹேர்ட்ஸ் வரை கொண்டுசென்றவர்கள் அன்றே இருந்தனர். ஐ.பி.எம். அதை ரசிக்கவில்லை. பின்னர் வந்த ஏ.ரி. கணினிகளில், வேகம் கூட்டப்பட்டிருந்தால் இயங்கவே மறுக்கும் ஒரு சோதனையைச் சேர்த்துவிட்டது. வாங்கியவனுக்கும் விற்றவனுக்கும் இடையிலான இந்த இழுபறி அன்றிலிருந்து தொடர்கின்றது.

மலிவான சில்லுக்குள் விலையுயர்ந்த சில்லின் வேகம் எப்படி வந்தது? இதற்கு விடை தொழிற்சாலையில் இருக்கின்றது. சில்லுகள் தனித்தனியே செய்யப்படுவதில்லை. ஒரே சிலிக்கன் தட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் வெட்டி எடுக்கப்படுகின்றன. பின்னர் சோதித்து, தாங்கும் வேகத்துக்கேற்பத் தரம் பிரிக்கப்படுகின்றன. வெப்பமான அறையிலும், தரங்குறைந்த மின்வழங்கலிலும், பல ஆண்டுகள் பிழையின்றி ஓட வேண்டும் என்பதற்காகப் பொறியியலாளர்கள் ஓர் இடைவெளியை விட்டுவைப்பர். தயாரிப்பு முறை முதிர்ந்தபோது நல்ல சில்லுகள் தேவைக்கு மேல் கிடைத்தன. ஆனால் சந்தை கேட்டதோ மலிவான சில்லுகளை. ஆகவே 450இல் ஓடக்கூடிய சில்லுகளிலும் 300 என்று பொறித்து விற்றார்கள்.

செலரோனின் கணக்கு எளிமையானது. புரொசெசரின் வேகம் என்பது தாய்ப்பலகையின் அடிப்படைத் துடிப்பை ஒரு பெருக்கியால் பெருக்கி வருவது. 300ஏயின் பெருக்கி 4.5. அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹேர்ட்ஸ். பெருக்கியை யாரும் மாற்ற முடியாதபடி இன்ரெல் பூட்டிவிட்டிருந்தது. ஆனால் அடிப்படைத் துடிப்பைப் பூட்டவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் இன்ரெல் தானே வெளியிட்ட 440பி.எக்ஸ். தொகுதி 100 மெகாஹேர்ட்ஸ் துடிப்பைத் தாங்கியது. 4.5ஐ 100ஆல் பெருக்கினால் 450. அவ்வளவுதான்.

தாய்வானின் அபிட் நிறுவனம் தயாரித்த பி.எச்.6 என்ற தாய்ப்பலகை இதற்குப் பெயர்பெற்றது. கணினியைத் திறக்காமலே, திரையில் தோன்றும் பட்டியலிலிருந்து துடிப்பையும் மின்னழுத்தத்தையும் தெரிவுசெய்ய அது இடமளித்தது. அவ்வசதியில்லாத பலகைகளை வைத்திருந்தவர்கள் சில்லட்டையின் பி21 என்ற தொடுமுனையின்மேல் சிறுதுண்டு ஒட்டுநாடாவை ஒட்டி, 66க்குப் பதிலாக 100ஐத் தெரிவுசெய்யும்படி பலகையை ஏமாற்றினர். தொழிற்சாலைகளின் பூட்டை ஒட்டுநாடா வென்ற கதை இது.

வேகம் மட்டுமன்று, சில்லின் அமைப்பும் கைகொடுத்தது. பென்ரியம் 2இல் 512 கிலோபைட் இடைநினைவகம் தனிச் சில்லுகளில் இருந்து, பாதி வேகத்திலேயே ஓடியது. 300ஏயில் 128 கிலோபைட் மட்டுமே இருந்தாலும், அது புரொசெசரின் சிலிக்கனிலேயே அமைந்து முழு வேகத்தில் ஓடியது. அதனால் பல வேலைகளில் 450இல் ஓடிய செலரோன் விலையுயர்ந்த பென்ரியத்தை எட்டிப்பிடித்தது.

இங்கேதான் பாதுகாப்பு என்ற கேள்வி எழுகின்றது. வேகத்தை ஒன்றரை மடங்காக்கினால் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஆனால் மின்னழுத்தத்தைக் கூட்டும்போது வெப்பம் அதன் வர்க்கத்துக்கேற்ப ஏறும். 300ஏயின் இயல்பான அழுத்தம் 2 வோல்ற். அதை 2.2 ஆக்கினால், பத்து வீதக் கூட்டலுக்கு இருபத்தொரு வீத வெப்பம் கூடும். வேகமும் ஒன்றரை மடங்கானால் மொத்தம் 1.8 மடங்கு. ஆயினும் 300ஏ இயல்பில் வெளியிட்ட வெப்பம் ஏறத்தாழ 19 வாற் மட்டுமே. 1.8 மடங்கான பின்னரும் 35 வாற்றைத் தாண்டாது. அலுமினியத் தகடுகளும் விசிறியும் அதைத் தாராளமாகச் சமாளித்தன. நீரும் பனிக்கட்டியும் தேவைப்படவில்லை.

காற்றுக்கு ஓர் எல்லையுண்டு. எவ்வளவு பெரிய விசிறியானாலும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே சில்லைக் கொண்டுசெல்ல முடியாது. குளிர்நாட்டில் 20 பாகை அறையில் கிடைக்கும் பலன், 30 பாகையில் இருக்கும் கொழும்பு அறையில் கிடைக்காது. அங்கே எழுதப்பட்ட அளவுகளை இங்கே அப்படியே பின்பற்றுவது விவேகமன்று.

இன்னொரு ஆபத்தும் மறைந்திருந்தது. அடிப்படைத் துடிப்பைக் கூட்டினால் வன்தட்டு இணைந்திருக்கும் பி.சி.ஐ. பாதையின் துடிப்பும் கூடும். அதன் இயல்பு 33 மெகாஹேர்ட்ஸ். துடிப்பை 83 ஆக்கியவர்களின் பலகைகளில் பி.சி.ஐ. பொதுவாக அதன் பாதியாகிய 41.5இல் ஓடியது. சில வன்தட்டுகள் அதைத் தாங்கவில்லை, கோப்புகள் சிதைந்தன. 100க்குச் சென்றவர்களுக்கோ பலகை மூன்றால் வகுத்ததால் மீண்டும் 33 கிடைத்தது. சிறிய அடி ஆபத்தாகவும் பெரிய அடி பாதுகாப்பாகவும் இருந்த விந்தை இது.

அச்சுக்குப் போகும் நேரத்தில் கணினியில் ஒரு பக்கம் சிதைந்தால் என்ன ஆகும் என்பது பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்த எனக்குத் தெரியும். நின்றுபோகும் கணினியை விட, நிற்காமல் பிழை செய்யும் கணினியே அபாயமானது. ஓவர்குளொக்கிங் செய்தவர்களில் நிதானமானவர்கள் இதை உணர்ந்திருந்தனர். 1996இல் ஜோர்ஜ் வொல்ட்மன் பெரும் பகா எண்களைத் தேடுவதற்காகத் தொடங்கிய திட்டத்தின் பிரைம்95 என்ற மென்பொருளை அவர்கள் தேர்வாளராக்கினர். விடை தெரிந்த கணக்குகளை மணிக்கணக்கில் செய்வித்து, ஒரு விடை பிசகினாலும் அந்த வேகம் ஆகாது என்று கைவிட்டனர்.

எல்லோரும் நல்லெண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. மெதுவான சில்லின் பெயரை அழித்து வேகமான சில்லின் பெயரைப் பொறித்து விற்ற வியாபாரிகளும் அக்காலத்தில் இருந்தனர். பெருக்கியைப் பூட்டியதற்கு இன்ரெல் சொன்ன காரணமும் இதுவே. அந்தக் காரணத்தில் உண்மை இருந்தது. விலை வித்தியாசத்தைக் காப்பாற்ற அது உதவியதும் உண்மைதான்.

அடுத்த சில ஆண்டுகள் எச்சரிக்கைகளைக் கொண்டுவந்தன. 2001இல் ரொம்ஸ் ஹாட்வெயார் தளம், ஓடிக்கொண்டிருக்கும் புரொசெசர்களின் குளிர்விப்பானைக் கழற்றிக் காட்டியது. பென்ரியம் 4 வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொண்டது. ஏ.எம்.டி.யின் அத்லோன் புகைந்து செத்தது. 2002இல் வந்த நோர்த்வூட் வகைப் பென்ரியம் 4 வேறொரு பாடம் புகட்டியது. 1.5 வோல்ற்றில் ஓட வேண்டிய அதை 1.7க்கு மேல் ஓட்டியவர்களுள் பலர், வெப்பநிலை நன்றாக இருந்தபோதிலும், சில மாதங்களுள் சில்லை இழந்தனர். அதிக அழுத்தம் சில்லுக்குள்ளிருக்கும் நுண்ணிய கம்பிகளையும் காப்புப் படைகளையும் மெல்ல அரிக்கின்றது. விசிறி வெப்பத்தைத்தான் அகற்றும், அழுத்தத்தின் தேய்மானத்தை அகற்றாது.

குளிர்விக்கும் கலையும் வளர்ந்தது. 1963இல் லொஸ் அலமோசில் ஜோர்ஜ் குறோவர் உருவாக்கிய வெப்பக் குழாய், விண்கலங்களுக்குப் பயன்பட்டபின், மேசைக் கணினிக்கும் இறங்கி வந்தது. குழாய்க்குள் திரவம் ஆவியாகிச் சென்று, குளிர்ந்து திரும்பி வரும்; அவ்வளவே அதன் இரகசியம். அதனால் 100 வாற்றுக்கும் மேற்பட்ட வெப்பத்தைக் காற்றாலேயே அகற்ற முடிந்தது.

நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 2008 நவம்பரில் வந்த கோர் ஐ7, வெப்பத்துக்கு இடமிருந்தால் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொண்டது. 2011இல் பூட்டுத் திறந்த சில்லுகளைக் கே என்ற எழுத்திட்டு இன்ரெல் கூடுதல் விலைக்கு விற்றது. இளைஞர்கள் இலவசமாக எடுத்த இடைவெளியை நிறுவனமே எடுத்து விற்கத் தொடங்கியது. அபிட் நிறுவனமோ அதற்கு முன்னரே தாய்ப்பலகைத் தொழிலிலிருந்து மறைந்துவிட்டது.

இந்த வரலாற்றின் முரண் 2024இல் வெளிப்பட்டது. இன்ரெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சில்லுகள் பல, யாரும் கைவைக்காமலே நிலைகுலைந்தன. அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தம் அவற்றைத் தேய்த்ததை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஓகஸ்ட்டில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. நோர்த்வூட்டைக் கொன்ற அதே வகைத் தேய்மானம், இம்முறை தொழிற்சாலையின் அமைப்பிலேயே வந்தது.

ஆகவே இன்று இதில் இறங்குபவருக்கு அந்தப் பழைய நிதானமே வழிகாட்டி. முதலில் வேகத்தை மட்டும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் மணிக்கணக்கில் சோதிக்க வேண்டும். வெப்பநிலையை, அறை மிகவும் சூடாக இருக்கும் பிற்பகலில் பார்க்க வேண்டும். மின்னழுத்தத்தைக் கடைசியாகவும் குறைவாகவும் தொட வேண்டும். முக்கியமான கோப்புகளுக்கு வேறிடத்தில் பிரதி இருக்க வேண்டும். எட்டிய உச்ச வேகத்திலிருந்து ஒரு படி இறங்கி நிற்பது நல்லது. அந்த ஒரு படிதான் பொறியியலாளர் நமக்காக விட்டுவைத்த இடைவெளி. அதை நாம் முழுவதும் எடுத்துவிட்டால், கணினியில் ஒரு நாள் பிழை நேரும்போது தடுக்க வேறெதுவும் மிச்சமிராது.