ஒளித்து வைத்து விற்ற இயங்குதளம்

எங்களில் கனபேருடைய மடிக்கணினியில் விண்டோஸும் இருக்கு, லினக்ஸும் இருக்கு. ஒன் பண்ணினதும் எது வேணும் எண்டு கேட்கிற பட்டியல் ஒன்று வரும். அந்தப் பட்டியலைக் காட்டலாமா கூடாதா எண்டே ஒரு வழக்கு நடந்திருக்கிறது.

ஒரு கணினிக்கு ஒரு இயங்குதளம்தான் என்று யாரும் விதித்ததில்லை. 1983இல் ஐபிஎம் வன்தட்டோடு கணினி விற்கத் தொடங்கியபோதே, தட்டை நாலாகப் பிரித்து நாலு இயங்குதளம் வைக்க இடம் விட்டிருந்தது. தட்டின் முதல் 512 பைட்டுக்குள் இருக்கிற குட்டி நிரல்தான் எதை எழுப்புவது என்று பார்க்கும். அந்த 512 பைட் யாருடைய கையிலோ, கணினியின் வாசல் சாவியும் அவருடைய கையில்தான்.

இது பீ என்ற சின்னக் கம்பனிக்கு நல்லாவே தெரியும். ஆப்பிளிலிருந்து வெளியேறிய ழோன் லூயி கசே 1990இல் தொடங்கியது அது. அவர்களின் பீஓஎஸ், விண்டோஸை விரட்டக் கேட்கவில்லை. பக்கத்தில இருக்க இடம் கேட்டது. இரண்டையும் சேர்த்து விற்கிற கணினிக் கம்பனிகளுக்கு இலவசமாகவே தாறம் எண்டார்கள். ஹிட்டாச்சி ஓம் என்றது. யப்பானில் விற்ற ஃப்ளோரா பிரியுஸ் கணினிகளின் தட்டில் இரண்டும் இருந்தன. ஆனால் தேர்வுப் பட்டியல் இல்லை! வாங்கினவர் ஒன் பண்ணினால் நேரே விண்டோஸ்தான். பீஓஎஸ் உள்ளே கிடப்பதை அறிந்து, பீ தந்த குறிப்புகளின்படி அதைத் தோண்டி எடுக்க வேணும். எத்தனை பேர் அப்படி மினக்கெடுவார்கள்?

மைக்ரோசொஃப்டின் உரிம ஒப்பந்தம்தான் பட்டியலைத் தடுத்தது என்பது பீயின் குற்றச்சாட்டு. 2001இல் பீயின் சொத்துக்களைப் பாம் கம்பனி 1 கோடியே 10 இலட்சம் டொலருக்கு வாங்கியது. 2002இல் பீ வழக்குப் போட்டது. அடுத்த வருடம், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2 கோடியே 32.5 இலட்சம் டொலர் கொடுத்து மைக்ரோசொஃப்ட் வழக்கை முடித்துக்கொண்டது. காசு வந்தபோது விற்க இயங்குதளமே பீயிடம் இல்லை.

லினக்ஸ் தப்பியதற்கு அது திறமானது என்பது மட்டும் காரணமில்லை என்றே நாங்கள் நினைக்கிறோம். அதைப் போட்டது கடையில்லை, பாவித்த ஆட்களே. உரிம ஒப்பந்தம் கணினி செய்பவரைக் கட்டுப்படுத்தும்; வீட்டில் இருந்து தட்டைப் பிரிக்கிறவரை அல்ல. 2012இல் விண்டோஸ் 8 உடன் பாதுகாப்பு பூட் பரவலானபோது அந்த வாசலுக்கும் பூட்டு வந்தது. உபுண்டு, ஃபெடோரா போன்றவை இண்டைக்கும் மைக்ரோசொஃப்ட் கையொப்பமிட்ட சின்ன நிரல் ஒன்றின் வழியாகத்தான் எழும்புகின்றன.

பீஓஎஸ்ஸை 2001இலிருந்தே தன்னார்வலர்கள் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். ஹைக்கூ என்று பெயர். முதல் பீட்டா 2018இல் வந்தது. விண்டோஸுக்குப் பக்கத்தில், பட்டியலோடயே போடலாம்.