வீட்டுக் கணனியும் வணிக மூலதனமும்: சிறப்பு விற்பனையாளரும் பேரங்காடியும் (1975 – 1984)

வீட்டுக் கணனியின் வரலாறு பெரும்பாலும் அதனை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கலிபோர்னியாவின் வாகனக் கொட்டகைகளில் இளைஞர் சிலர் புதுமை கண்டனர் என்னும் கதை ஏறத்தாழ ஓர் ஐதீகமாகிவிட்டது. அப்பண்டம் எத்தகைய கடையில், எந்நிபந்தனைகளின் கீழ் வாங்குவோரை வந்தடைந்தது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. சமூக வரலாற்று நோக்கில் இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று என நாம் கருதுகின்றோம்.

1975இல் 'அல்டேர் 8800' தபால் மூலம் விற்கப்பட்ட உதிரிப்பாகத் தொகுதியாகவே வெளிவந்தது. அதே ஆண்டில் லொஸ் ஏஞ்சலிசில் முதலாவது கணனிக் கடை தோன்றிற்று. 1976இல் மவுன்டன் வியூ நகரின் 'பைட் ஷொப்' உரிமையாளர் போல் டெரல், 'அப்பிள் I' பலகைகள் ஐம்பதுக்குக் கட்டளை கொடுத்தபோது, அவை முழுமையாகப் பொருத்தப்பட்டிருத்தல் வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். உதிரிப்பாகம் பண்டமாக மாறிய அக்கணத்தில் கடைக்காரரின் பங்கு ஆக்கியோரின் பங்குக்குக் குறைந்ததன்று.

சிறப்பு விற்பனையாளர் உண்மையில் எதை விற்றனர்? பொறியை மாத்திரமன்று. தெரிவு செய்து கொடுத்தல், இயக்கிக் காட்டல், நினைவகம் பொருத்தல், பழுது பார்த்தல், எல்லாவற்றுக்கும் மேலாகக் கற்பித்தல் ஆகிய உழைப்பும் அவ்விலையினுள் அடங்கியிருந்தது. 'மூலதன'த்தின் இரண்டாம் பாகத்தில் மார்க்ஸ் சுற்றோட்டச் செலவுகளை ஆராயுமிடத்து, வாங்கல் விற்றலுக்கெனச் செலவாகும் உழைப்பு பெறுமதியைப் படைப்பதில்லை என்றும், போக்குவரத்து போன்றவை உற்பத்தியின் தொடர்ச்சியே என்றும் வேறுபடுத்துவார். கணனிக் கடைக்காரரின் விளக்கவுரையை இவற்றுள் எதனோடு சேர்ப்பது? அவ்விளக்கமின்றேல் அன்றைய வாங்குவோரிடம் எஞ்சியது விசைகள் பதித்த ஒரு பெட்டியே. பயன் பெறுமதி கடையிலேயே நிறைவு பெற்றது. ஆதலின் அவ்வுழைப்பின் ஒரு பகுதியேனும் சுற்றோட்டத் துறையுள் நிகழ்ந்த உற்பத்தி எனக் கொள்வதே பொருத்தம்.

இதனாற் சிறப்பு விற்பனையாளரை இலட்சியப்படுத்திவிட வேண்டியதில்லை. 1981இன் இறுதியில் அப்பிள் கம்பனி தனது முகவர்கள் தபால்வழி விற்பதைத் தடைசெய்தது. வாடிக்கையாளருக்கு நேரடி உதவி வேண்டும் என்பது கூறப்பட்ட காரணம். விலைவீழ்ச்சியைத் தடுத்தல் அதன் மறுபக்கம். அதே ஆண்டு ஓகஸ்டில் 1,565 டொலர் அடிப்படை விலையுடன் வந்த ஐ.பி.எம். கணனி, 'கொம்பியூட்டர்லான்ட்' கடைகளுக்கும் சியர்ஸ் நிறுவனத்துக்கும் வழங்கப்பட்டது. பேரங்காடிக்குப் பேர்போன சியர்ஸ், அதனைத் தன் வழமையான தளங்களில் வைக்காமல் அதற்கெனத் தனி வணிகக் கடைகளைத் திறந்தமை கவனத்திற்குரியது. அக்கடைகளின் வாசல் தொழிலாளிக்குச் சட்டப்படி திறந்தேயிருந்தது. விலைச்சீட்டு அதனைச் சாத்தியது.

இச்சூழலிலேதான் கொமடோரின் ஜாக் டிரமியெல், கணனி வர்க்கங்களுக்கல்ல, மக்கள் திரளுக்கே என முழங்கினார். (ஆங்கிலத்தில் 'வர்க்கம்' எதுகைக்காக வந்த சொல், சுட்டியது மேல்தட்டினரையே. ஒரு முதலாளியின் வாயில் அது வந்தமை சுவையானதே.) முழக்கத்தின் பின்னே பொருளியல் அடித்தளம் ஒன்று இருந்தது. 1976இல் 'மொஸ் டெக்னொலஜி'யை வாங்கியதன் மூலம் சில்லு உற்பத்தியையே கொமடோர் தன்னுள் அடக்கியிருந்தது. 299.95 டொலர் விலையில் வந்த 'விக் 20', கே மார்ட் போன்ற மலிவுவிலைப் பேரங்காடிகளுக்குச் சென்றது. 1982 ஓகஸ்டில் 595 டொலருக்கு வந்த 'கொமடோர் 64' முதலிற் சிறப்பு விற்பனையாளர் கையிலும், சில மாதங்களில் பேரங்காடி அடுக்குகளிலும் இருந்தது. 1983 நடுப்பகுதியில் விலை ஏறத்தாழ 200 டொலர். பழைய விலையிற் கொள்வனவு செய்து இருப்பு வைத்திருந்த சிறு விற்பனையாளர் அந்நட்டத்தைத் தாமே சுமந்தனர்.

1983 ஜனவரியில் எந்தப் பழைய கணனியையோ விளையாட்டுப் பொறியையோ ஒப்படைப்போருக்கு 100 டொலர் கழிவு அறிவிக்கப்பட்டது. அதன் விளைவு விசித்திரமானது. மிக மலிவாகிவிட்ட 'டைமெக்ஸ் சின்கிளேயர் 1000' பொறியை, ஒப்படைப்பதற்கென்றே பலர் வாங்கினர். பயன் பெறுமதி முற்றாக மறைந்து, பரிமாற்றப் பெறுமதி மாத்திரம் எஞ்சிய பண்டத்துக்கு இதனிலும் தெளிவான உதாரணம் கிடைப்பதரிது. போட்டியிட்ட டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அவ்வாண்டின் இரண்டாம் காலாண்டில் மாத்திரம் 100 மில்லியன் டொலருக்கு மேல் இழந்து, ஒக்டோபரில் வீட்டுக் கணனித் துறையை விட்டே விலகிற்று.

பேரங்காடி சிறுகடையை விழுங்கும் கதையை எமீல் சோலா, சரியாக ஒரு நூற்றாண்டுக்கு முன், 1883இல் வெளிவந்த தமது நாவலில் பாரிசின் துணிக்கடைகளை வைத்துச் சித்திரித்தார். ஆயினும் ஒப்புமையை நெடுந்தூரம் இழுக்கலாகாது. துணியை உடுப்பதற்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மேலும் கணனிக் கடை அழிந்துவிடவில்லை. மலிவுப் பொறியைக் கைவிட்டு, ஐ.பி.எம்., அப்பிள் பொறிகளுடன் அலுவலக வாடிக்கையாளரை நோக்கிப் பின்வாங்கியது. இப்பிளவு வர்க்கப் பிளவே. வசதியுள்ளோர் பொறியுடன் போதனையையும் பெற்றனர். ஏனையோர் பொறியை மாத்திரம் பெற்றனர்.

எனின், கற்பித்தல் எங்கே சென்றது? அது மறையவில்லை, கூலியின்றி வேறு தோள்களுக்கு மாற்றப்பட்டது. 1977இல் தோன்றிய பொஸ்ரன் கணனிச் சங்கம் போன்ற பயனாளர் அமைப்புகளும், தட்டச்சுச் செய்வதற்கென நிரல்களைப் பக்கம் பக்கமாக அச்சிட்ட சஞ்சிகைகளும், பல வீடுகளில் பன்னிரண்டு வயதுச் சிறுவருமே பேரங்காடி கைவிட்ட பணியை ஏற்றனர். பிரித்தானியாவில் 1981இல் தபால்வழி விற்பனையுடன் தொடங்கிய 'சின்கிளேயர் இசட்எக்ஸ் 81', அதே ஆண்டிற் பத்திரிகை விற்கும் டபிள்யூ. எச். சிமித் கடைகளுக்கு வந்தபோது, காட்சிப் பொறிகளைச் சூழ்ந்து நின்ற பள்ளி மாணவர் ஒருவருக்கொருவர் ஆசிரியராயினர். விற்பனையாளர் அறியாததை வாடிக்கையாளர் அறிந்திருந்தனர். துணையற்ற வீடுகளிலோ பொறி சில வாரங்களில் அலுமாரியை அடைந்தது. விற்பனைக் கணக்கில் அதுவும் ஒன்றாகவே எண்ணப்பட்டது.

டிரமியெல் 1984 ஜனவரியிற் கொமடோரை விட்டு வெளியேறினார். விலைப்போரிற் பெருநட்டமுற்ற அட்டாரியின் வீட்டுக் கணனிப் பிரிவை அதே ஆண்டு ஜூலையில் அவரே வாங்கினார்.