முத்துக்குளித்துறையிலிருந்து சுற்றுப்பாதை வரை: எடையின்மையை மனிதர் அறிந்த வரலாறு

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் ஆண்டுதோறும் அரசு நடத்திவந்த முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அதே ஆண்டு ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பூமியைச் சுற்றிவந்தார். ஆகஸ்ட் 6 அன்று புறப்பட்ட கெர்மன் தீத்தோவ் ஒரு நாளுக்கு மேல் விண்ணில் தங்கி, அங்கே குமட்டலுக்கு ஆளான முதல் மனிதரானார். ஆண்டு ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் கடலுக்குள் இறங்கியவர் உடலும் விண்ணில் சுற்றியவர் உடலும் எழுப்பும் கேள்வி ஒன்றே: உடல் எடையை எப்படி உணர்கிறது, அந்த உணர்வு எப்போது அற்றுப்போகிறது?

முத்துக்குளிப்போரின் செய்முறையை, 1803-இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய ராபர்ட் பெர்சிவல் நேரில் பார்த்ததுபோல விவரிக்கிறார். குளிப்பவர் வலக்கால் விரல்களால் கல் கட்டிய கயிற்றைப் பற்றுவார். இடக்கால் விரல்களில் சிப்பி அள்ளும் வலைப்பை இருக்கும். ஒரு கை இன்னொரு கயிற்றைப் பிடித்திருக்க, மறு கை மூக்கைப் பொத்தியிருக்கும். மூச்சை இழுத்து நிறுத்தி, கல்லோடு கீழே போவார். பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழில் இது.

கல் எதற்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நெஞ்சு நிறையக் காற்றடைத்த உடல் கடல்நீரில் மிதக்கும். அதை அமிழ்த்தப் பதினைந்து கிலோ அளவுள்ள கல் வேண்டியிருந்தது. 10 மீட்டர் ஆழத்தில் நீரழுத்தத்தால் நுரையீரல் காற்று பாதியாகவும் 20 மீட்டரில் மூன்றில் ஒன்றாகவும் சுருங்கும். அந்த ஆழத்தில் உடல் தானாகவே அமிழும். தூத்துக்குடிக்கு எதிரே தொளாயிரம் பார் உள்ளிட்ட முத்துப்பார்கள், அதாவது சிப்பி வாழும் கடலடிப் பாறைத் திட்டுகள், பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடப்பதால், இறங்கும் வழியில் ஓரிடத்தில் உடல் மிதக்கவும் செய்யாது, அமிழவும் செய்யாது. எடையின்மையை ஒத்த அந்த நிலையை இக்கரை மக்கள் விண்வெளிக்கு வெகுகாலம் முன்பே உடலால் அறிந்திருந்தார்கள் என்று சொல்வது மிகையாகாது.

ஆனால் ஒத்திருப்பதும் ஒன்றாக இருப்பதும் வேறு. அந்த வேறுபாட்டைப் பிரித்தறிய அறிவியலுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

முதல் அடியை 1687-இல் நியூட்டன் எடுத்துவைத்தார். உயர்ந்த மலையிலிருந்து போதிய வேகத்தில் எறியப்பட்ட பொருள் தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று அவர் காட்டினார். சுற்றுப்பாதை என்பது முடிவில்லாத வீழ்ச்சி. இன்றைய பன்னாட்டு விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கேயும் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் 89 விழுக்காடு அளவுக்கு இருக்கிறது. ஒவ்வொரு வினாடியும் நிலையம் பூமியை நோக்கி நான்கு மீட்டருக்கு மேல் விழுகிறது. அதே வினாடியில் 7.7 கிலோமீட்டர் பக்கவாட்டில் ஓடிவிடுவதால், பூமியின் வளைவும் அதே அளவு கீழிறங்கிவிடுகிறது. விண்வெளியில் ஈர்ப்பு இல்லாததால்தான் மிதக்கிறார்கள் என்று இன்றும் பல இடங்களில் எழுதப்படுவது தவறு. ஈர்ப்பு இல்லையென்றால் நிலையம் நேர்கோட்டில் போய்விடும்.

பிறகு ஏன் எடை தெரிவதில்லை? 1907-இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த ஐன்ஸ்டைனுக்கு விடை பிடிபட்டது: கீழே விழுந்துகொண்டிருப்பவர் தன் எடையை உணரமாட்டார். நாம் எடை என்று உணர்வது ஈர்ப்பை அல்ல. விழவிடாமல் தடுக்கும் தரையின் எதிர்ப்பை. பாலத்து மேட்டில் ஏறி இறங்கும் பஸ்ஸில் ஒரு கணம் வயிறு எழும்புவது அந்த எதிர்ப்பு குறைவதால்தான்.

உடலுக்குள் இதை உணரும் உறுப்பைத் தேடியவர்கள் வேறொரு பாதையில் வந்தார்கள். 1870-களில் ஜோசப் புராயர், எர்ன்ஸ்ட் மாக், கிரம் பிரவுன் ஆகிய மூவரும் தனித்தனியே உட்செவியைச் சுட்டினார்கள். அங்குள்ள நுண்மயிர்ச் செல்களின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் படிந்திருக்கின்றன. முத்தும் அதே சேர்மத்தால் ஆனதுதான். தலை சாய்ந்தால் துகள்கள் சரியும், மயிர்கள் வளையும், மூளைக்குச் செய்தி போகும். இதை மறுக்கமுடியாதபடி நிறுவியது ஓர் இறால். இறால் ஒவ்வொருமுறை தோலுரிக்கும்போதும் தன் சமநிலை உறுப்பிலுள்ள மணல்துகளை இழந்து புதிதாக எடுத்துக்கொள்ளும். 1893-இல் வியன்னாவின் அலாய்ஸ் கிரைடில் மணலுக்குப் பதில் இரும்புத்தூளை வைத்தார். காந்தத்தை அருகில் கொண்டுவந்ததும், இறால்கள் அது இழுக்கும் திசையையும் கீழ் என்று கருதி உடலைத் திருப்பின.

முத்துக்குளிப்போருக்கு நெருக்கமான சான்று 1882-இல் வில்லியம் ஜேம்ஸ் வெளியிட்டது. காது கேளாத 519 பேரைச் சுழற்றிப் பார்த்ததில் 186 பேருக்குத் தலைசுற்றலே வரவில்லை. அத்தகையோரில் சிலர் நீருக்குள் மூழ்கினால் மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் திணறியதாகவும் அவர் பதிவுசெய்தார். நீர் உடலைத் தாங்குவதால் காலிலும் முதுகிலும் படும் அழுத்தம் மறைந்துவிடும். உட்செவித் துகள்கள் மட்டும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். கலங்கிய நீரில் கண் உதவாதபோதும் குளிப்பவருக்கு மேல்திசை தெரிந்தது இதனால்தான்.

சுற்றுப்பாதையில் துகளும் மயிரும் சேர்ந்தே விழுகின்றன. ஒன்று மற்றொன்றை அழுத்துவதில்லை. தலையைச் சாய்த்தாலும் சாய்ந்த செய்தி போவதில்லை. தீத்தோவுக்குத் தான் தலைகீழாக இருப்பதாகத் தோன்றியதும், விண்வெளி வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முதல் இரண்டு மூன்று நாள் குமட்டலில் வாடுவதும் இதன் விளைவு. 1984-இல் சல்யூட் 7 நிலையத்தில் ராகேஷ் சர்மா யோகப் பயிற்சி செய்து பார்த்ததும் எடையின்மைக்கு உடல் பழகுவதை ஆராயத்தான்.

கடைசியில் விண்வெளி நீருக்கே திரும்பியது. 1966 ஜூனில் விண்கலத்துக்கு வெளியே வந்த யூஜின் செர்னான் களைத்து, வேலையை முடிக்காமல் திரும்பினார். நீச்சல்குளத்தில் பயின்ற பஸ் ஆல்ட்ரின் அந்த நவம்பரில் அதே மாதிரி வேலைகளைச் சிரமமின்றி முடித்தார். ஆனாலும் குளத்தில் தலைகீழாகத் திரும்பும் வீரருக்கு உடைக்குள் ரத்தம் தலைக்கு ஏறுகிறது. நீர் ஈர்ப்பை நீக்குவதில்லை.

2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையைச் சுற்றி வளையாமல் தெற்கு நோக்கி நேரே ஏவ வாய்ப்பான கரை என்பதே அந்த இடத் தேர்வுக்குக் காரணம். இதே கரையில் 1961-இல் கடைசியாக முத்துக்குளித்தவர்களில் இன்று இருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். திரேஸ்புரத்தில் இன்றும் சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆழத்தில் உடல் மிதந்த கணம், காது அடைத்த வலி, கண் தெரியாத நீரில் திசை அறிந்த விதம் ஆகியவற்றை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் இம்மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் இந்தப் பணியை உடனே தொடங்க வேண்டும்.