'இல்லை' என்று சொல்லாத கெர்னல்

கெர்னல் எழுதுபவர்கள் முதலில் படிக்கும் பாடம்: மெமரி கேட்டால் கிடைக்காமலும் போகலாம், அதற்கும் ஒரு வழி எழுதி வை. லினக்ஸில் ஆயிரக்கணக்கான இடங்களில் அப்படி எழுதியிருக்கிறார்கள். ஆனால் எழுதப்படாத விதி ஒன்றும் கூடவே இருந்தது. எட்டுப் பக்கம் வரை, அதாவது வழக்கமான கணினியில் 32 கிலோபைட் வரை, கேட்கும் சாதாரணக் கோரிக்கைக்கு கெர்னல் அநேகமாக 'இல்லை' என்றே சொல்லாது. கிடைக்கும்வரை சுற்றிச் சுற்றித் தேடும்.

2014 டிசம்பரில், உறைந்துபோகும் கணினிகளை தெட்சுவோ ஹண்டா தோண்டப் போக, விவகாரம் வெளியே வந்தது. மெமரி தீர்ந்தால் 'ஓஓஎம் கில்லர்' ஒரு புரோசெஸைப் பலிக்குத் தேர்ந்தெடுக்கும். பலியோ ஒரு பூட்டுக்காகக் காத்திருக்கிறது. பூட்டை வைத்திருப்பது மெமரிக்காகக் காத்திருக்கிறது. மெமரி கிடைக்கவில்லை என்று லாகில் தேடினால் கோரிக்கை தோற்றதாக ஒரு வரிகூட இருக்காது. ஏன்னா, அது இன்னும் தோற்கவே இல்லை!

எக்ஸ்எஃப்எஸ் கோப்பமைப்பின் டேவ் சின்னருக்கே இந்த விதி அதிர்ச்சியாக இருந்தது. சரி, விதியைத் தூக்கிவிடலாமே? அங்கேதான் சிக்கல். கவனமாக எழுதி வைத்த அந்த மாற்று வழிகளில் பல ஒருமுறைகூட ஓடிப் பார்த்தவை இல்லை. திறந்துவிட்டால் எத்தனை பிழை கிளம்பும் என்று யாருக்குத் தெரியும்?

2016இல் வந்த லினக்ஸ் 4.6, பலி தானாகச் சாகும்வரை காத்திராமல் அதன் மெமரியை முன்கூட்டியே பிடுங்கக் கற்றுக்கொண்டது. விதியை யாரும் தொடவில்லை.