ஜிஎஸ்டி: உள்ளாட்சிகளின் பங்கு எங்கே?

2017 ஜூலை 1-இல் சரக்கு-சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, மாநிலங்களின் மதிப்புக்கூட்டு வரி, நுழைவு வரி உள்ளிட்டவை அதில் கரைந்தன. பெட்ரோல், டீசல், மது போன்ற சிலவற்றைத் தவிர, பிறவற்றுக்கு வரி விகிதத்தைத் தனித்து நிர்ணயிக்க மாநிலங்களால் இயலாது. ஜிஎஸ்டி கவுன்சிலில் தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்கு தேவை. மூன்றில் ஒரு பங்கு வாக்கு மத்திய அரசிடம் இருப்பதால், அதன் இசைவின்றி எதுவும் நிறைவேறாது. ஆண்டுக்கு 14 சதவீத வருவாய் வளர்ச்சியை உறுதிசெய்த இழப்பீட்டுக் காலமும் 2022 ஜூனுடன் முடிந்தது.

உள்ளாட்சிகளின் நிலை இன்னும் பலவீனமானது. நகருக்குள் வரும் சரக்குகள் மீது தானே வசூலித்துவந்த ஆக்ட்ராய் வரியை இழந்த மும்பை மாநகராட்சி, மாநில அரசின் இழப்பீட்டை நம்பியிருக்கிறது. கவுன்சிலில் உள்ளாட்சிகளுக்கு இடமில்லை. வசூலில் சட்டப்படியான பங்கும் இல்லை. குடிநீரும் துப்புரவும் அவற்றின் கடமை எனில், வரி வருவாயில் ஒரு பங்கு அவற்றின் உரிமையாக வேண்டும்.