தாளும் காடும்

தாள் மரத்தினின்றே பிறப்பது என்னும் எண்ணம் இன்று பலரிடம் வேரூன்றியுள்ளது. ஆயினும், தாளின் நெடிய வரலாற்றில் மரக்கூழுக்குரிய காலம் இருநூறு ஆண்டுகளும் நிரம்பாதது. கி.பி. 105-இல் சாய் லுன் சீனப் பேரரசர்க்கு அளித்த தாள் மரப்பட்டை, சணற்கழிவு, கந்தல், மீன்வலை ஆகியவற்றால் ஆயது என்று அந்நாட்டு வரலாற்று நூல் கூறும். ஐரோப்பியரும் பல நூற்றாண்டுகள் கந்தலையே நம்பி வாழ்ந்தனர். எனவே, கழித்தவற்றை மீட்டுப் பயன்கொள்ளுதல் தாள்தொழிலுக்குப் புதிதன்று. அஃது அதன் பிறவிக்குணம் எனலாம்.

அத்தொழில் காட்டை நாடிய வரலாற்றை அறியச் செருமானிய நாட்டு நிகழ்ச்சிகள் மூன்றனை ஈண்டு ஆராய்வோம்.

சாக்சனிப் பகுதியின் சுரங்க அதிகாரியாகிய கார்லோவிட்சு 1713-இல் காடு வளர்ப்புப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். சுரங்கங்களும் உலைகளும் மரத்தை விழுங்கிவந்த காலம் அது. வெட்டும் அளவு வளரும் அளவை விஞ்சலாகாது என்பதே அவர் கொள்கையின் சாரம். அடுத்து, 1774-இல் கேட்டிங்கன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் கிளாபுரோத்து, அச்சிட்ட தாளின் மையைக் கழுவி நீக்கிப் புதுத்தாள் செய்யும் முறையை ஒரு சிறுநூலில் விளக்கினார். மூன்றாவதாக, 1843-44-இல் சாக்சனி நெசவாளர் கெல்லர், ஈரச் சாணைக்கல்லில் மரத்தைத் தேய்த்துக் கூழாக்கும் வழி கண்டார். பின்னர் வேதியியல் முறைகளும் வளரவே தாள் மலிந்தது. நூலும் செய்தித்தாளும் எளியோர் கையையும் எய்தின. ஆயின், காட்டின்மீது புதியதொரு சுமை ஏறிற்று.

இம்மூன்றன் காலமுறை கருதத்தக்கது. மரக்கூழ் தோன்றுமுன்னரே, காட்டைக் காக்கும் நெறியும் தாளை மீட்கும் முறையும் அந்நாட்டில் எழுத்து வடிவு பெற்றிருந்தன. நோய்க்கு முன்னரே மருந்து தோன்றியது எனினும் பொருந்தும்.

இவ்விரண்டனுள் ஒன்றே போதும் என்பார் உளர். அது பொருந்தாது. ஒவ்வொரு முறையும் கூழாக்கப்படும்போது நார் குறுகி வலிவிழக்கிறது. ஆதலின் சில சுழற்சிகளுக்குப்பின் புது நார் இன்றியமையாதது. அதனைத் தருவது காடே. மரம் நடுதல் ஒன்றே போதும் என்பதும் தவறு. ஒரே வகை ஊசியிலை மரத்தைச் செறிய நட்ட சாக்சனிக் காடுகள் பிற்காலத்தே புயலுக்கும் பட்டைவண்டுக்கும் பெரிதும் இரையாயின. வளர்வது மரமாயினும் நிலைப்பது காடாதல் வேண்டும்.

ஆகவே, கார்லோவிட்சின் நெறியும் கிளாபுரோத்தின் முறையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போதே தாள் குறையாப் பொருளாகும் என்பது எம் துணிபு.